காம்பு விடாத காய்: நைனாவோட ஸ்டெம் செல் எடுத்த கதை

வணக்கம்ங்க. சித்தூர்ல இருந்து பேசறேன், பின்னாடி தெரியறது எங்க மாந்தோப்பு. லாரி சத்தம் வரும், பொறுத்துக்கோங்க. பெங்களூரா காய் கூழ் ஃபேக்டரிக்குப் போற சமயம்.

நைனாவுக்கு, அதான் எங்கப்பாவுக்கு, மைலோமான்னு சொன்னேன்ல, மஜ்ஜையில வர்ற ரத்தப் புற்றுநோய். வேலூர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரில ஸ்டெம் செல், அதாவது ரத்தத்தை உண்டாக்கற தாய் செல்லு, எடுத்தாச்சு. அத்தையில இருந்து டீக்கடை வரைக்கும் கேக்கறது ஒண்ணுதான்: "யாருப்பா குடுத்தா?" யாரும் குடுக்கல. அவரு செல்லு அவருக்கே. மெல்ஃபலான்னு புற்றுநோயை அழிக்கற மருந்தைப் பெரிய அளவுல ஏத்தும்போது மஜ்ஜை காலியாயிடும். அதனால முன்னாடியே எடுத்து வெச்சு, அப்புறம் திருப்பி ஏத்துவாங்க. எலும்பைத் துளைக்கறது எல்லாம் இல்ல. ரத்தத்தை மெஷின்ல விட்டு, வேண்டியதை மட்டும் பிரிச்சுக்கிட்டு, மிச்சத்தை உடம்புக்கே அனுப்பிடறாங்க.

சிக்கல் என்னன்னா, அந்தச் செல்லு ரத்தத்துல அவ்வளவா இருக்காது. மஜ்ஜையிலயே ஒட்டிக்கிட்டு கெடக்கும். வெளிய வரவைக்கணும். அதுக்குத்தான் ஜி-சிஎஸ்எஃப் ஊசி. கிலோவுக்கு 10 மைக்ரோகிராம். நைனா 60 கிலோ, அதனால தினம் 300 மைக்ரோகிராம் ஊசி ரெண்டு. மூணாம் நாள்ல இருந்து இடுப்பும் முதுகும் உரல்ல போட்டு இடிக்கற மாதிரி வலின்னாரு. மஜ்ஜை முழு மூச்சா வேலை செய்யுது, அதான். பாரசிட்டமால்ல கொஞ்சம் அடங்குச்சு. ஆனா இடது விலாவுக்குக் கீழயோ இடது தோள்லயோ வலிச்சா உடனே சொல்லணும்னாங்க, மண்ணீரல் வீங்கியிருக்கலாம்.

அஞ்சாம் நாள் காலைல சிடி34, அதாவது ரத்தத்துல அந்தச் செல்லு எவ்வளவு இருக்குன்னு, பாத்தாங்க. மைக்ரோலிட்டருக்கு 7. மெஷின்ல போட 10-ஆவது வேணுமாம். நைனா மொகத்தைப் பாக்கணுமே! ஏதோ பரீட்சைல ஃபெயிலான மாதிரி, "என் உடம்புலயே இல்ல போல"ன்னாரு. இல்லங்க, காய் இருக்கு, காம்பு விடல. மரத்தை உலுக்கினா பாதி விழும், மிச்சத்துக்குத் தொரட்டி போடணும்ல? அந்தத் தொரட்டிதான் பிளெரிக்சாஃபோர். செல்லை மஜ்ஜையில புடிச்சு வெச்சிருக்கற கொக்கியையே கழட்டி விடுது. வேடிக்கை பாருங்க, இதை முதல்ல எச்ஐவிக்குன்னு பண்ணாங்க. அங்க கை குடுக்கல. ஆனா போட்டவங்களுக்கு ரத்தத்துல வெள்ளையணு ஏறுச்சு. 2008ல அமெரிக்காவுல இந்த வேலைக்கு அனுமதி கெடைச்சுது.

ராத்திரி பத்து மணிக்கு வயித்துல ஊசி. ரெண்டு தடவை வயிறு போச்சு. விடிஞ்சு பாத்தா 31! ஒன்பது மணிக்கு மெஷின்ல படுக்க வெச்சாங்க, நாலு மணி நேரம். நடுவுல உதடு ஜிவ்வுன்னு மரத்துச்சு. ரத்தம் உறையாம இருக்கக் கலக்கற சிட்ரேட் கால்சியத்தைக் கொறைச்சிடுது, கால்சியம் ஏத்தினதும் சரியாச்சு.

கொறைஞ்சது கிலோவுக்கு 20 லட்சம் செல்லு வேணும், நைனாவுக்கு 12 கோடி. முதல் நாள் 9 கோடி, மறுநாள் 7 கோடி. அத்தை கேட்டுட்டு "கோடீஸ்வரன்டா உங்கப்பன்"னாங்க.

எனக்கு ஒரே ஒரு வருத்தம். மைலோமாவுக்குக் குடுக்கற லெனலிடோமைட் மாத்திரையை ரொம்ப மாசம் சாப்பிட்டா செல்லு வர்றது கஷ்டமாகும்னு எங்களுக்கு லேட்டாத்தான் தெரிஞ்சுது. உங்க வீட்ல யாருக்காவது மைலோமான்னா, மாத்திரை ஆரம்பிக்கறப்பவே "எப்ப செல் எடுப்பீங்க"ன்னு டாக்டர்கிட்ட கேட்டு வெச்சுக்கோங்க. பிளெரிக்சாஃபோர் தேவைப்பட்டா எவ்வளவு ஆகும்னும் சேத்துக் கேளுங்க. நாங்க அந்த ராத்திரிதான் காசுக்கு அலைஞ்சோம்.

அடுத்த வாரம் மெல்ஃபலானுக்கு அட்மிஷன். நைனா கூப்பிடறாரு, லாரி வந்துடுச்சாம்.