பேரிக்காயும் பச்சைக் குழந்தையும்

நேயர்களுக்கு வணக்கம்.

'ஜென்மப் பாவம்' என்ற சொல்லை நான் முதலில் கேட்டது ஞானோபதேச வகுப்பில். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோவிலை ஒட்டிய ஓலைக் கொட்டகையில் பசியோடு உட்கார்ந்திருப்போம். உபதேசியார் கேள்வி கேட்பார், நாங்கள் ராகம் போட்டுப் பதில் சொல்வோம். பாவம் இரண்டு வகை. பிறக்கும்போதே ஒட்டியிருப்பது ஜென்மப் பாவம், நாமாகச் செய்வது கர்மப் பாவம். இரண்டாவது உடனே புரிந்தது, அது எங்களிடம் தாராளமாகவே இருந்தது. முதலாவதுதான் புரியவில்லை. ஆனால் ராகத்தில் சொல்லிவிட்டால் புரிய வேண்டிய அவசியம் இல்லை.

கல்லூரி விடுதியில் என் அறை நண்பர் திருநீறு பூசாமல் வெளியே கிளம்பமாட்டார். ஒருநாள் இந்தப் பேச்சு வந்தது. "போன ஜென்மத்துப் பாவமா? அது எங்களிடமும் உண்டே" என்றார். இல்லை, எங்களுக்குப் போன ஜென்மம் கிடையாது, இது ஆதாம் செய்த பாவம் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் செய்ததற்கு நான் பட்டால் அதில் ஒரு கணக்கு இருக்கிறது. யாரோ தின்ற பழத்துக்கு நான் ஏன் பில் கட்ட வேண்டும்?" என்று கேட்டார். நாற்பது வருஷம் ஓடிவிட்டது. அவருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

முதலில் மூலத்துக்குப் போவோம். ஆதியாகமம் 3-ஆம் அதிகாரத்தில் பாம்பு இருக்கிறது, கனி இருக்கிறது, வெட்கம் இருக்கிறது, தோட்டத்தை விட்டு வெளியேற்றுவதும் இருக்கிறது. 'பாவம்' என்ற சொல் மட்டும் இல்லை. ஆப்பிளும் இல்லை, அது பிற்காலத்து ஓவியர்களின் உபயம். பாவம் என்ற சொல் முதன்முதலாக வருவது அடுத்த அதிகாரத்தில். தம்பிமேல் பொறாமைப்பட்டு முகம் வாடி நிற்கும் ஆதாமின் மகன் காயீனிடம் கடவுள் பேசுகிறார்: "நீ நன்மை செய்யாதிருந்தால் பாவம் வாசற்படியில் படுத்திருக்கும்." எபிரேய மூலத்தில் அந்த வினை விலங்கு படுத்திருப்பதற்குச் சொல்வது. கடிக்கிற நாய் நடையில் கிடப்பது போல. அங்கே பாவம் ரத்தத்தில் ஓடவில்லை, வாசலில் கிடக்கிறது. "நீ அவனை ஆண்டுகொள்ளுவாய்" என்றும் கடவுள் சேர்த்துச் சொல்கிறார். யூதர்கள் இந்த வேதத்தைத்தான் காலங்காலமாக வாசிக்கிறார்கள். தீய நாட்டம் மனிதனுக்கு உண்டு என்பார்கள். ஆதாமின் குற்றம் பிள்ளையின் தலையில் இறங்குகிறது என்று அவர்கள் சொல்வதில்லை.

அப்படியானால் வாசலில் கிடந்ததை வீட்டுக்குள் கொண்டுவந்தது யார்? அப்போஸ்தலர் பவுல் அதற்கு வழி திறந்தார். கொண்டுவந்து தொட்டில் வரைக்கும் சேர்த்தவர் அகுஸ்தினார், பிற்காலத்தில் ஹிப்போ நகரின் ஆயர்.

354-இல் இன்றைய அல்ஜீரியாவில் இருக்கும் தகாஸ்தே என்ற சிற்றூரில் பிறந்தவர். அவருக்குப் பதினாறு வயது. மேற்படிப்புக்குக் கார்த்தேஜ் அனுப்ப அப்பா பணம் புரட்டிக்கொண்டிருந்தார். அதுவரை பையன் ஊரில் சும்மா சுற்றினான். இவர்கள் வீட்டுத் திராட்சைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் வேறொருவருடைய பேரி மரம். காய் பார்க்கவும் நன்றாக இல்லை, தின்னவும் நன்றாக இல்லை. ஒரு நாள் நள்ளிரவில் கூட்டாளிகளோடு போய் மரத்தை உலுக்கி, சுமை சுமையாக அள்ளிக்கொண்டு வந்து பன்றிக்குப் போட்டார்கள். இவர்கள் கடித்தது ஒன்றிரண்டுதான். இருபத்தைந்து வருஷத்துக்கும் மேல் கழிந்து, ஆயராக உட்கார்ந்துகொண்டு, அந்தப் பேரிக்காயைப் பற்றி அவர் பக்கம் பக்கமாக எழுதுகிறார். பசிக்குத் திருடவில்லை, ருசிக்கும் திருடவில்லை, வீட்டில் அதைவிட நல்ல காய் இருந்தது. பின் எதற்கு? செய்யக்கூடாது என்பதற்காகவே செய்தேன் என்கிறார். தனியாக இருந்திருந்தால் செய்திருக்க மாட்டேன் என்றும் எழுதுகிறார். அந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பக்கத்து வீட்டு மாமரத்தில் கல் எறிந்தவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் இது அவர்களுக்கு விளக்கவேண்டிய சங்கதி அல்ல.

இது வரைக்கும் அகுஸ்தினாரோடு எனக்குச் சண்டையே இல்லை. நல்லது எதுவென்று தெரிந்தும் மனம் வேறு பக்கம் இழுக்கிறது. அந்தச் சாய்வை நான் கற்றுக்கொள்ளவில்லை, வரும்போதே அது என்னோடு வந்திருக்கிறது. லூத்தர் இதைத் தன் பக்கமே வளைந்துகொண்ட மனம் என்றார். என் விடுதி நண்பர் அதை ஆணவ மலம், அதாவது உயிரோடு ஒட்டிவந்த அழுக்கு, என்பார்.

சண்டை பெலாஜியுஸ் வந்த பிறகு ஆரம்பிக்கிறது. பிரிட்டனிலிருந்து ரோமுக்கு வந்து போதித்த துறவி. "நீர் கட்டளையிடுவதை எனக்குத் தாரும், பிறகு விரும்பியதைக் கட்டளையிடும்" என்ற அகுஸ்தினாரின் ஜெபத்தை யாரோ அவர் காதுபட எடுத்துச் சொல்ல, மனிதருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கடவுள் செய் என்கிறார் என்றால் உன்னால் முடியும் என்றுதானே பொருள்? முடியாததைச் செய்யச் சொல்லித் தண்டிப்பவர் கடவுளா? ஆதாம் நமக்குக் கெட்ட முன்மாதிரி, அவ்வளவுதான், குழந்தை கறையில்லாமல்தான் பிறக்கிறது என்பது அவர் கட்சி.

கேட்க இதமாக இருக்கிறது. இன்றைக்கு வாக்கெடுத்தால் பெலாஜியுஸ்தான் ஜெயிப்பார். ஆனால் அவர் இளகிய மனசுக்காரர் அல்ல. உன்னால் முடியும் என்றால், செய்யாமல் விட்ட ஒவ்வொன்றுக்கும் நீ சாக்குச் சொல்ல முடியாது. தெமெத்திரியாஸ் என்ற செல்வந்த வீட்டுச் சிறுமி கன்னி வாழ்வைத் தேர்ந்தபோது அவர் எழுதிய நீண்ட கடிதம் இன்றும் இருக்கிறது. படித்தால் நூற்றுக்கு நூறு எடுக்காத பிள்ளையை நிற்கவைத்துக் கேட்கும் வாத்தியார் ஞாபகம் வரும். அகுஸ்தினாரின் கோவிலில் இருந்தவர்கள் குடித்துவிட்டு வருகிறவர்கள், சண்டை போட்டுவிட்டு வருகிறவர்கள். அவர்களுக்கு இடம் வைத்துப் பேசியவர் அவர்தான். மனிதனைக் கெட்டவன் என்ற கொள்கை சாமானியனிடம் இரக்கமாகவும், மனிதனை நல்லவன் என்ற கொள்கை கறாராகவும் முடிந்திருக்கிறது. வேடிக்கைதான்.

சரி, குழந்தைக்கு வருவோம். அகுஸ்தினாரின் வாதம் எளிது. பச்சைக் குழந்தைக்கும் திருச்சபை ஞானஸ்நானம் கொடுக்கிறது. ஞானஸ்நானம் பாவமன்னிப்புக்கு. குழந்தை தானாகப் பாவம் எதுவும் செய்யவில்லை. அப்போது எந்தப் பாவத்துக்கு மன்னிப்பு? ஆதாமின் பாவத்துக்கு. பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தில் 5:12-ஐ ஆதாரம் காட்டினார். அவர் கையில் இருந்த லத்தீன் மொழிபெயர்ப்பில் அந்த வரி "அவனுக்குள் எல்லாரும் பாவம் செய்தார்கள்" என்று இருந்தது. கிரேக்கத்தில் இருப்பது 'எஃப் ஹோ' என்ற இரண்டு குட்டிச் சொற்கள். "ஏனென்றால் எல்லாரும் பாவம் செய்தார்கள்" என்பதே அதற்கு இயல்பான பொருள் என்று பெரும்பாலான அறிஞர்கள் சொல்கிறார்கள். நம் பழைய தமிழ் வேதாகமத்தைத் திறந்து பாருங்கள்: "எல்லா மனுஷரும் பாவஞ்செய்தபடியால், மரணம் எல்லாருக்கும் வந்தது" என்ற போக்கில்தான் இருக்கிறது. செய்தபடியால். அவனுக்குள் அல்ல. பள்ளிக்கூடத்தில் கிரேக்கம் தனக்கு வேப்பங்காயாகக் கசந்தது என்று அகுஸ்தினாரே ஒத்துக்கொண்டிருக்கிறார். அந்த ஒரு வரியின்மேல்தான் அவர் முழுக் கட்டடத்தையும் எழுப்பினார் என்று சொன்னால் அநியாயம். ஆனாலும் அது ஒரு தூண்.

கிரேக்கம் தெரிந்த கீழைத் திருச்சபைகள் இந்த வழியில் போகவில்லை. மரணமும் பலவீனமும் ஆதாமிடமிருந்து வந்தன, குற்றம் வரவில்லை என்பது அவர்கள் நிலை. குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் அவர்களும் கொடுக்கிறார்கள். பொன்வாய் அருளப்பர் என்று நாம் சொல்லும் யோவான் கிறிசோஸ்தோம், குழந்தைகளிடம் பாவங்கள் இல்லாவிட்டாலும் அவர்களுக்குத் திருமுழுக்குக் கொடுக்கிறோம் என்று பிரசங்கித்திருக்கிறார்.

418-இல் கார்த்தேஜ் சங்கம் பெலாஜியுஸின் போதனையைத் தள்ளியது. அதே வருஷம் போப்பாண்டவர் சோசிமுஸ் அனுப்பிய கண்டனக் கடிதத்தில் கையெழுத்துப் போட மறுத்துப் பதவி இழந்தவர்களில் ஒருவர் தென் இத்தாலியின் ஜூலியான், இளம் ஆயர். கிறிசோஸ்தோமின் அந்தப் பிரசங்கத்தை எடுத்துவைத்து வாதாடினார். புதிதாகப் பிறந்த சிசுவைத் தண்டிக்கும் கடவுள் என்ன கடவுள் என்பதுதான் அவருடைய கேள்வி. கிழவர் அகுஸ்தினார் பதிலுக்குப் பதில் எழுதினார். 430-இல் வாண்டல் படை ஹிப்போ நகரை முற்றுகையிட்டிருந்தபோது, அந்தப் பதிலை முடிக்காமலே இறந்தார். ஞானஸ்நானம் இல்லாமல் இறக்கும் குழந்தைக்கு 'மிக மிக லேசான' தண்டனை என்பது அவர் கொடுத்த சலுகை.

அந்த லேசான தண்டனை எங்கள் வீடு வரைக்கும் வந்தது.

என் பாட்டிக்கு இரண்டாவது பிள்ளை பிறந்த ராத்திரியே இறந்துவிட்டது. ஆபத்து நேரத்தில் யார் வேண்டுமானாலும், கிறிஸ்தவர் அல்லாத மருத்துவச்சிகூட, வார்த்தை சொல்லித் தண்ணீர் ஊற்றினால் ஞானஸ்நானம் செல்லும். திருச்சபையின் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒன்று அது. ஆனால் அந்த ராத்திரி பதற்றத்தில் யாருக்கும் அது தோன்றவில்லை. 1917-ஆம் வருஷத்துத் திருச்சபைச் சட்டப்படி ஞானஸ்நானம் இல்லாதவர்களுக்குத் திருச்சபை அடக்கம் கிடையாது. கல்லறைத் தோட்டத்தில் குடும்பத்தார் படுத்திருக்கும் வரிசையில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். சுவருக்கு வெளியே ஓர் ஓரம். பெயர் இல்லை, சிலுவை இல்லை. நவம்பர் 2, கல்லறைத் திருநாள் வந்தால் பாட்டி தாத்தாவுக்கும் மாமனாருக்கும் மெழுகுவத்தி கொளுத்திவிட்டு, ஒன்றை முந்தானைக்குள் மறைத்துச் சுவரைச் சுற்றிக்கொண்டு போவாள். நாங்கள் கேட்டால், "பாவம்டா, பச்சைப் பிள்ளை" என்பாள்.

தமிழில் இந்தச் சொல் ஒரு விசித்திரம். செய்த குற்றத்துக்கும் பாவம், இரங்கத்தக்கவனுக்கும் பாவம். பாட்டி எந்தப் பொருளில் சொன்னாள் என்று உபதேசியாரிடம் கேட்டால் குழம்பியிருப்பார். எங்களுக்குக் குழப்பமில்லை.

திருச்சபையும் மெல்ல மெல்ல பாட்டியின் பக்கம் நகர்ந்தது என்று சொன்னால் இறையியலார் சண்டைக்கு வருவார்கள். ஆனால் பாருங்கள். 1546-இல் திரெந்து பொதுச்சங்கம், இந்தப் பாவம் ஆதாமைப் பார்த்துச் செய்வதால் வருவதில்லை, பிறப்பு வழியாகத் தொடர்கிறது என்று உறுதியாகச் சொன்னது. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல் அதை மறுக்கவில்லை. ஆனால் இது செய்த பாவம் அல்ல, தொற்றிய பாவம், செயல் அல்ல, ஒரு நிலை, 'பாவம்' என்ற பெயரே ஒப்புமையாக வழங்குவது என்று விளக்கியது. அதாவது சாய்வு உண்டு, சொந்தப் பழி இல்லை. எங்கள் தெருவில் டிசம்பர் 8-ஐ ஒட்டிப் பிறந்த பெண்களுக்கெல்லாம் அமலோற்பவம் என்று பெயர் வைப்பார்கள், ஒரே தெருவில் மூன்று பேர். மலமில்லாத பிறப்பு என்று அர்த்தம். மரியாள் ஜென்மப் பாவம் இல்லாமல் உருவானாள் என்று 1854-இல் போப்பாண்டவர் ஒன்பதாம் பத்திநாதர் அறிவித்த கோட்பாட்டின் தமிழ்ப் பெயர் அது. மலம் சைவ சித்தாந்தத்தின் மையச் சொல். விடுதி நண்பரிடம் இந்தப் பெயரைச் சொன்னபோது சிரித்துவிட்டு, "நெல்லோடு உமி வந்தது போல என்று எங்களில் சொல்வார்கள். உமி நீங்க வேண்டும், சரி. நெல்மேல் யார் கேஸ் போட்டார்கள்?" என்றார்.

அவருக்கு இப்போது பதில் சொல்கிறேன். பில் நீங்கள் கட்ட வேண்டாம். பேரி மரத்தடியில் அகுஸ்தினார் கண்டது நிஜம், நானும் அதை என்னிடம் தினமும் காண்கிறேன். அந்த மரத்தடியிலிருந்து தொட்டிலுக்குப் போனாரே, அங்கேதான் அவர் வழி தவறினார். பாலுக்குப் போட்டியாக வந்த குழந்தையை இன்னொரு குழந்தை முகம் வெளுத்து முறைத்துப் பார்த்ததைத் தன் கண்ணால் கண்டேன் என்று எழுதியிருக்கிறார். நானும் பேரப்பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன். அது பொறாமைதான். ஆனால் அதைப் பார்த்ததும் எனக்கு நியாயத்தீர்ப்பு ஞாபகம் வரவில்லை, பாட்டியின் சொல்தான் வந்தது.

1983-ஆம் வருஷத்துப் புதிய சட்டம், ஞானஸ்நானம் கொடுக்கப் பெற்றோர் நினைத்திருந்து அதற்குமுன் இறந்த குழந்தைக்கு ஆயரின் அனுமதியோடு திருச்சபை அடக்கம் செய்யலாம் என்றது. 2007 ஏப்ரலில் வத்திக்கானின் சர்வதேச இறையியல் குழு, அப்படிப்பட்ட குழந்தைகளின் மீட்புக்கு நம்பிக்கை வைக்க நல்ல காரணங்கள் உண்டு என்று எழுதி வெளியிட்டது. அப்போது பாட்டி இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அந்த நவம்பரில் ஊருக்குப் போனேன். சுவருக்கு வெளியே கருவேலம் மண்டிக் கிடந்தது. இடம் எதுவென்று சொல்ல யாரும் இல்லை. உத்தேசமாக ஓர் இடத்தைச் சுத்தம் செய்து மெழுகுவத்தியை ஏற்றி வைத்தேன். காற்றில் இரண்டு முறை அணைந்தது, மூன்றாவது தடவை நின்றது.

வணக்கம்.