மிஷின் போட்டதும் நிறமே மாறிப்போன நாய்! ஒயர் கோட் டெரியருக்கு வீட்டிலேயே க்ரூமிங் செய்வது எப்படி?

[திரையில் ரெண்டு படம், பக்கத்துப் பக்கத்தில்]

இந்த ரெண்டு படத்தையும் நல்லா பாருங்க. இடது பக்கம் ஒரு வெல்ஷ் டெரியர். முதுகு கன்னங்கரேல்னு இருக்கு, தலையும் காலும் நல்ல செம்பட்டை நிறம். வலது பக்கம் இருக்கிறதுக்கு முதுகு சாம்பல் பூத்துப்போச்சு, கால் வெளுத்துப்போச்சு, முடி விறைப்பே இல்லாம தொய்ஞ்சு கிடக்கு. ரெண்டும் ஒரே நாய்! வயசாகல, நோய் வரல, யாரும் சாயமும் பூசல. நடுவுல நடந்தது ஒண்ணே ஒண்ணுதான். தொடர்ந்து முடிவெட்டுற மிஷின் போட்டாங்க.

வணக்கம் மக்களே! பெங்களூர்ல ஃப்ரேசர் டவுன், காக்ஸ் டவுன், அல்சூர் ஏரிப் பக்கமெல்லாம் காலையில நடக்கப் போறவங்க, பெரிய மீசையும் தாடியுமா கம்பீரமா போற இந்த 'ஒயர் கோட்', அதாவது கம்பி மாதிரி விறைப்பான முடி இருக்கிற நாய்களைப் பார்த்திருப்பீங்க. ஒயர் ஃபாக்ஸ் டெரியர், ஏர்டேல், வெல்ஷ், கெய்ர்ன், ஸ்காட்டிஷ், வெஸ்டி, முரட்டு முடி ஜாக் ரஸல் எல்லாம் இந்தக் கூட்டம். மினியேச்சர் ஷ்னாசரும் சேர்த்துதான். அது டெரியரா இல்லையான்னு அமெரிக்கக் கென்னல் கிளப்பும் ஐரோப்பாக்காரங்களும் வேற வேற பட்டியல்ல வச்சிருக்காங்க, நமக்கு அந்தச் சண்டை வேண்டாம். முடி ஒண்ணுதான், வேலையும் ஒண்ணுதான். யார்க்‌ஷயர் டெரியர் வச்சிருக்கிறவங்களுக்கு மட்டும் இந்த வீடியோ இல்ல, அது பட்டு முடி.

வரலாறு சுருக்கமா. ஷ்னாசர் மட்டும் ஜெர்மனி, மத்ததெல்லாம் பிரிட்டன்ல நரி, எலி, நீர்நாய் பின்னாடி பொந்துக்குள்ளயும் முள்ளுப் புதருக்குள்ளயும் ஓட வளர்த்த நாய்ங்க. முள்ளும் மழையும் பல்லும் தோலைத் தொடாம இருக்கத்தான் அந்த விறைப்பு முடி. அவ்வளவுதான், வாங்க விஷயத்துக்கு.

இந்த நாய்க்கு ரெண்டு அடுக்கு முடி. கீழ மெத்துன்னு அடிமுடி, மேல விறைப்பான மேல்முடி. அந்த மேல்முடியில ஒண்ணைப் பிடுங்கி வெளிச்சத்துல பாருங்க. இதுதான் எனக்கு இந்த மொத்த விஷயத்துலயும் ரொம்பப் பிடிச்ச இடம். முடியோட நுனி தடிமனா, கெட்டியா, நிறம் அடர்த்தியா இருக்கும். வேர்ப்பக்கம் போகப் போக மெலிஞ்சு, வெளுத்து, வளையுற மாதிரி ஆயிடும்.

வீட்டுல தென்னந்துடைப்பம் இருக்கும்ல? அதுல ஒரு ஈர்க்குச்சியை உருவுங்க. அடிப்பக்கம் தடிப்பா, விறைப்பா இருக்கும், நுனி மெல்லிசா ஆடும். இப்போ அதைத் தலைகீழா, மெல்லிசு பக்கம் கீழ வர்ற மாதிரி மண்ணுல நட்டுட்டதா நினைச்சுக்கங்க. அதுதான் டெரியர் முடி. மிஷின் என்ன பண்ணுது? மேல இருக்கிற தடிப்பான, நிறமான பாதியை வெட்டி எறிஞ்சுட்டு, கீழ இருக்கிற மெலிஞ்ச, வெளுத்த பாதியை மட்டும் விட்டு வைக்குது. கூடவே மெத்துன்னு அடிமுடியும் மேல தெரிய ஆரம்பிக்கும். நாய் நிறம் மாறிடுச்சுன்னு நாம பதறுறோம். உள்ளபடி நிறம் இருந்த பாகத்தைக் காசு கொடுத்து வெட்டிட்டு வந்திருக்கோம்.

சரி, வெட்டின முடி கொட்டிட்டு புதுசு முளைக்கும்ல, அப்போ சரியாயிடாதான்னு கேப்பீங்க. அங்கதான் அடுத்த ஆச்சரியம். இந்த முடி அவ்வளவு லேசுல தானா கொட்டாது! லாப்ரடார் வச்சிருக்கிற வீட்டுல சோஃபாவெல்லாம் முடி. இவங்க வீட்டுல அந்தத் தொல்லை ரொம்பக் குறைவு. வளர்ச்சி முடிஞ்சு, உயிர் போன முடி அப்படியே குழிக்குள்ள உட்கார்ந்திருக்கும். யாராவது எடுத்துவிடணும். புதருக்குள்ள ஓடுற நாய்க்கு முள்ளு கொஞ்சம் எடுத்துவிடும். இந்திராநகர் அப்பார்ட்மெண்ட் நாலாவது மாடியில முள்ளுக்கு எங்க போறது? அந்த வேலையை நம்ம விரல் செய்யணும். பழைய முடியை வேரோட எடுத்தாத்தான் அந்தக் குழியில புது முடி நுனியிலேர்ந்து தடிப்பா, நிறமா முளைச்சு வரும். இதுக்குப் பேருதான் ஹேண்ட் ஸ்ட்ரிப்பிங்.

[திரையில் மீசை மட்டும், நெருக்கத்தில்]

இந்த மீசையைக் கொஞ்சம் பாருங்க. இது ஏன் வந்துச்சு தெரியுமா? 2009-ல அமெரிக்காவோட தேசிய சுகாதார நிறுவன விஞ்ஞானிகள், 80 இனங்களைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களோட மரபணுவை அலசி 'சயின்ஸ்' இதழ்ல ஒரு கட்டுரை போட்டாங்க. நாய் இனங்கள்ல நாம பார்க்கிற முடி வகையில பெரும்பாலானதுக்குக் காரணம் வெறும் மூணு ஜீன்! எஃப்ஜிஎஃப்5 மாறினா நீள முடி. கேஆர்டி71 மாறினா சுருட்டை. ஆர்எஸ்பிஓ2 மாறினா மீசை, தாடி, புருவம், கூடவே விறைப்பு முடி. ஆர்எஸ்பிஓ2 மட்டும் மாறியிருந்தா சாதாரண ஒயர் முடி. அதோட சுருட்டை ஜீனும் சேர்ந்தா ஏர்டேல். மூணும் சேர்ந்தா பிஷான் ஃப்ரீஸே, அந்த வெள்ளைச் சுருட்டைக் குட்டி! மூணே மூணு சுவிட்சுல இத்தனை விதமா!

இன்னொண்ணு. இந்த மீசை ஜீன் அப்பாகிட்டேர்ந்தோ அம்மாகிட்டேர்ந்தோ ஒரு பிரதி வந்தாலே போதும், மீசை வந்துடும். அதனால நம்ம தெருநாயும் டெரியரும் சேர்ந்து பிறந்த குட்டிக்குத் திடீர்னு தாத்தா தாடி இருந்தா அது அதிசயமில்ல. அப்படி ஒரு குட்டியைத் தத்தெடுத்திருக்கீங்களா? முடி விறைப்பா இருந்தா இந்த வீடியோ உங்களுக்கும்தான். படத்தைக் கண்டிப்பா அனுப்புங்க, எனக்குப் பார்க்கணும்.

இப்போ வேலைக்கு வருவோம். எல்லாரும் கேக்கிற முதல் கேள்வி, "அண்ணா, பிடுங்கினா வலிக்காதா?" நியாயமான கேள்வி. முத்தின முடி குழியில தளர்வா உட்கார்ந்திருக்கும், இழுத்தா வழுக்கிட்டு வரும். முத்தாத முடியைப் பிடுங்கினா வலிக்கும். அதனால முதல்ல சோதிக்கணும். முதுகுல தோள்பட்டை நடுவுல, மத்த முடியைவிட நீட்டிக்கிட்டு நிக்கிற நாலஞ்சு முடியை நுனியில பிடிச்சு, முடி படுத்திருக்கிற திசையிலேயே இழுங்க. தோல் மேல எழும்பாம வந்துடுச்சா, நாள் வந்தாச்சு. நாய் திரும்பி உங்க கையைப் பார்க்குதா, விட்டுடுங்க, சில வாரம் கழிச்சு வாங்க. நாய் சொல்றதுதான் இதுல கடைசித் தீர்ப்பு.

என்ன சாமான் வேணும்? பெருசா ஒண்ணுமில்ல. பேங்க்ல கேஷியர் நோட்டு எண்ணும்போது விரல்ல ஒரு ரப்பர் உறை மாட்டுவாங்கல்ல, அது போதும். அவென்யூ ரோடு ஸ்டேஷனரி கடைகள்ல கேளுங்க. இல்லன்னா மெடிக்கல் ஷாப்ல ரப்பர் கையுறை வாங்கி கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நறுக்கி மாட்டிக்கோங்க. முடி வழுக்காது. ஸ்ட்ரிப்பிங் கத்தின்னு ஆன்லைன்ல விக்கிறாங்க. அது முடியைப் பிடிக்கத்தான், அறுக்க இல்ல. மணிக்கட்டைத் திருப்பினா அது அறுத்துடும், அப்புறம் மிஷின் போட்டதுக்கும் இதுக்கும் வித்தியாசமில்ல. புதுசா தொடங்குறவங்க விரலோட நில்லுங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

குளிப்பாட்டிட்டு உட்காராதீங்க. ஷாம்பு முடியை மெத்துன்னு ஆக்கி வழுக்க வைக்கும். அழுக்கா, காஞ்சு இருக்கும்போதுதான் பிடி கிடைக்கும். இடது கையால தோலை லேசா இழுத்துப் பிடிங்க, வலது கையில ஒரு நேரத்துக்குச் சில முடி மட்டும். கொத்தா பிடிக்காதீங்க. மணிக்கட்டை ஆட்டாம முழங்கையிலேர்ந்து இழுங்க. முதுகு, கழுத்தோட மேல்பக்கம், விலா, இதுதான் முதல் இடம். வயிறு, தொடை இடுக்கு, தொண்டைக்குக் கீழ, ஆசனவாய் பக்கம் எல்லாம் தோல் ரொம்ப மெல்லிசு. அங்க பிடுங்கவே கூடாது, முனை மழுங்கின கத்தரிக்கோல் மட்டும். பாதத்துக்கு அடியில பஞ்சு மாதிரி இருக்கிற மெத்தை நடுவுல வளர்ற முடியும் கத்தரிதான்.

ஒரே நாள்ல முழு உடம்பையும் எடுக்கலாம், ஆனா வெறும் அடிமுடியோட நிக்கும். மறுபடி மேல்முடி மூட ரெண்டு மூணு மாசம் ஆகும். டிசம்பர், ஜனவரியில பெங்களூர்ல ராத்திரி 15 டிகிரி பக்கம் இறங்கும், அப்போ சட்டை போட்டுவிடணும். எனக்குப் பிடிச்சது வேற வழி. வாரம் ஒரு தடவை, டிவி பார்த்துக்கிட்டே, கால் மணி நேரம், நீட்டிக்கிட்டு நிக்கிற முடியை மட்டும் எடுங்க. எப்பவும் கொஞ்சம் புதுசு, கொஞ்சம் நடுத்தரம், கொஞ்சம் முத்தினதுன்னு ஓடிக்கிட்டே இருக்கும். நாய்க்கும் அலுப்பில்ல. நியூயார்க்ல நடக்கிற வெஸ்ட்மின்ஸ்டர் ஷோவுல ஒயர் ஃபாக்ஸ் டெரியர் 2019 வரைக்கும் 15 தடவை முதல் பரிசு வாங்கியிருக்கு, வேற எந்த இனமும் இத்தனை வாங்கல. அந்த மேடை நாய்களுக்கும் முடி கையாலதான் எடுக்கிறாங்க.

நம்ம ஊர் மழைக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கு. விறைப்பான முடியில செம்மண் சேறு பட்டா காய்ஞ்சதும் உதிர்ந்துடும், பிரஷ் போட்டா முடிஞ்சது. மிஷின் போட்டு மெத்துன்னு ஆன முடியில அதே சேறு அப்பிக்கிட்டுச் சிக்கு விழும், ஈரம் உள்ளயே நிக்கும், தோல் புண்ணாகும். தாடிக்கு மட்டும் தினமும் கவனிப்பு வேணும். நம்ம வீடுகள்ல தயிர்சாதம் சாப்பிடுற நாய் எத்தனை! சாப்பிட்டதும் ஈரத்துணியால தாடியைத் துடைச்சு, உலர்த்தி, ஒரு சீப்பு போட்டுடுங்க. இல்லன்னா புளிச்ச வாடை வீடு முழுக்க.

முடியைப் பிரிக்கும்போதே உண்ணி இருக்கான்னு பாருங்க, முக்கியமா காது உள்பக்கம், விரல் இடுக்கு, அக்குள். பேபீசியா, எர்லிகியா ரெண்டும் உண்ணி வழியா வர்ற காய்ச்சல், உயிரையே எடுக்கும். நாய் சோறு தொடல, உடம்பு சுடுது, ஈறு வெளுத்திருக்குன்னா அன்னிக்கே டாக்டர்கிட்ட ஓடுங்க. உண்ணிக்கு மண்ணெண்ணெய், சூடம் எதுவும் தடவாதீங்க, தயவுசெஞ்சு. சூடம் நாய்க்கு விஷம்.

மிஷினே போடக்கூடாதா? போடலாம். வயசான நாய், தோல்ல புண்ணோ அலர்ஜியோ இருக்கிற நாய், ஸ்டீராய்டு மருந்து சாப்பிடுற நாய், கை வச்சாலே பயந்து நடுங்குற நாய், இவங்களுக்கு மிஷின்தான் நல்லது. நிறம் போனா போகட்டும், உங்க நாய்க்கு நிறத்தைப் பத்திக் கவலை கிடையாது. கருத்தடை ஆபரேஷன் பண்ணின நாய்க்கும் முடி கொஞ்சம் மெத்துன்னு ஆகலாம், அதுக்காக ஆபரேஷனைத் தள்ளிப் போடாதீங்க.

எனக்கு ஆதங்கம் எங்கன்னா, ஆரோக்கியமான இளம் நாயை க்ரூமிங் கடைக்குக் கொண்டுபோறவங்ககிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கிறதில்ல. காக்ஸ் டவுன்ல தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க, முதல் தடவை கூட்டிட்டுப் போனப்போ, கடைக்காரங்க நாயை உள்ள வாங்கிட்டு அரை மணி நேரத்துல மொட்டையா திருப்பிக் கொடுத்துட்டாங்க. அக்கா அழுதுட்டாங்க. அதனால நாயைக் கையில கொடுக்கிறதுக்கு முன்னாடியே கேளுங்க: "ஹேண்ட் ஸ்ட்ரிப்பிங் பண்ணுவீங்களா, மிஷின் போடுவீங்களா?" பெங்களூர்ல கையால எடுத்துத் தர்ற க்ரூமர் யாராவது உங்களுக்குத் தெரிஞ்சா ஏரியாவோட கமெண்ட்ல போடுங்க, தேடிக்கிட்டு இருக்கிறவங்களுக்கு உதவும்.

ஏற்கெனவே மிஷின் போட்டாச்சா? பொறுமையா தொடங்குங்க. முடி வளர விட்டு, முத்தினதும் கொஞ்சம் கொஞ்சமா எடுங்க. ஒண்ணு ரெண்டு சுத்துலயே பழைய நிறம் வந்துடாது, சிலதுக்கு முழுசா வராமலும் போகலாம், ஆனா முதுகுல கறுப்பு எட்டிப் பார்க்க ஆரம்பிக்கும். முடி எடுத்த பிறகு ரெண்டு நாள் குளியல் வேண்டாம், உண்ணி மருந்து தடவுறதையும் டாக்டரைக் கேட்டு ரெண்டு நாள் தள்ளி வச்சுக்கோங்க. தோல் லேசா சிவந்திருந்தா உச்சி வெயில்ல கூட்டிட்டுப் போகாதீங்க, வெள்ளை நாயா இருந்தா இன்னும் கவனம்.

அடுத்த வீடியோ நகம் வெட்டுறது. கறுப்பு நகத்துக்குள்ள ரத்தக்குழாய் எங்க முடியுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு காட்டப் போறேன், சப்ஸ்கிரைப் பண்ணி வச்சுக்கோங்க.