ஆழம் பார்த்து நடுவோம் வைன் மேப்பிளை

தலைவர் அவர்களே, அழைப்பை ஏற்று வந்திருக்கும் நகரப் பூங்காத் துறை விருந்தினர் அவர்களே, தமிழ்ப் பள்ளி ஆசிரியப் பெருமக்களே, விடிந்ததிலிருந்து பந்தல் வேலையிலும் பந்தியிலும் நிற்கும் தன்னார்வலர்களே, சியாட்டில் வாழ் சொந்தங்களே, வணக்கம்.

இடம், நடவு என்று இரண்டு செய்திகள், கடைசியில் ஒரு வேண்டுகோள். 'ஆழமறியாமல் காலை விடாதே' என்பார்கள் நம் பெரியவர்கள். வைன் மேப்பிளுக்கு அதுதான் முதல் பாடம்.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் தென்மேற்கிலிருந்து வடக்குக் கலிஃபோர்னியா வரை, டக்ளஸ் ஃபர் என்னும் உயர்ந்த ஊசியிலை மரங்களின் நிழலில் வளரும் இந்த மண்ணின் புதர் இது. பனி அழுத்தித் தரையைத் தொட்ட கிளை, மல்லிகைப் பதியன் போல அங்கேயே வேர்விடும். தோல் வணிகத்துக்காகச் சுமையோடு வந்த பிரெஞ்சுக் கனடியர்கள் இதைச் 'சாத்தான் மரம்' என்று திட்டினார்களாம். நினைத்துப் பாருங்கள்: முதுகில் மூட்டை, காலடியில் ஈரப் பாசி. ஒரு கிளையைத் தாண்டினால் அடுத்தது கணுக்காலைப் பிடிக்கும். குனிந்தால் மூட்டை மாட்டும். விலகினால் இன்னொரு புதர்! சரிவில் மண்ணைப் பிடித்து வைப்பதும் அதே பின்னல்தான், ஐயா.

காலை வெயிலும் பிற்பகல் நிழலும் உள்ள இடம் கொடுங்கள். பிற்பகல் வெயிலோடு மண்ணும் காய்ந்தால் ஆகஸ்டில் இலையோரம் கருகும். முழு நிழலில் கருகாது. ஆனால் இலையுதிர் காலத்தில் சிவப்பு வராது, மஞ்சள்தான்.

அக்டோபர் மழை பிடித்ததும் நடுங்கள். குழியின் அகலம் வேர்ப்பந்தை, அதாவது வேரோடு ஒட்டிய மண்ணுருண்டையைப் போல இரண்டு மூன்று மடங்கு; ஆழம் வேர்ப்பந்தின் உயரம் மட்டுமே. ஆழமறியாமல் காலை விடாதே! தண்டு விரிந்து வேராகும் இடம் புதைந்தால் பட்டை அழுகும், வேர் மூச்சுத் திணறும். தொட்டிக்குள் சுற்றிக்கொண்ட வேரைப் பிரித்துவிடுங்கள். மரச்சீவல் மூடாக்கு 5 முதல் 8 செ.மீ., தண்டை ஒட்டாமல். முதல் இரண்டு கோடையிலும் வாரம் ஒருமுறை மண் ஆழம்வரை நனைய நீர் விடுங்கள். தெளித்துவிட்டுப் போனால் வேர் மேலேயே நிற்கும்.

முடிக்குமுன் ஒன்று சொல்லியாக வேண்டும். நம் குடியிருப்புகளில் வேலி என்றால் செர்ரி லாரல். அதன் பழத்தைத் தின்னும் பறவைகள் விதையைக் காட்டுக்குள் கொண்டுபோய்ப் போடுகின்றன. அங்கே அது மண்ணின் செடிகளை நெருக்குகிறது. குடியிருப்புச் சங்கங்களின் செடிப் பட்டியலில் வைன் மேப்பிள் ஏறவேண்டும், லாரல் இறங்கவேண்டும். பூங்காத் துறை விருந்தினர் அவர்கள் நடைபாதைத் திட்டுகளில் வைன் மேப்பிளை நட ஆவன செய்யுமாறு பணிவோடு கேட்கிறேன். காட்டில் தோண்டி எடுக்காதீர்கள். மண்ணின் செடி விற்கும் நர்சரியில் வாங்குங்கள். மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்திட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். நன்றி, வணக்கம்.