யூரின் நெகட்டிவ்னு வந்துட்டா போதுமா?

வணக்கம் மக்களே, நைட் ஷிஃப்ட் முடிஞ்சு இப்பதான் வந்தேன், வீட்டுக்கு ஏறல, ப்ளாக்குக்குக் கீழ உக்காந்துதான் பேசுறேன். போன வாரம் ஹாஃப்வே ஹவுஸ்ல, அதான் போதைக் கேஸ்ல உள்ள இருந்தவங்க முழுசா வெளிய விடுறதுக்கு முன்னாடி தங்குற எடத்துல, ஒரு தம்பியப் பாக்கப் போயிருந்தேன். "அண்ணே, எத்தன வருஷம் கிளீனா இருந்தா நான் மாறிட்டேன்னு நம்புவாங்க?"ன்னு கேட்டான். பதில் சொல்ல முடியல, அதான் இந்த வீடியோ.

என் கதை தெரியாதவங்களுக்கு, ரெண்டு தடவ டிஆர்சி போனேன், அதான் இங்க சிங்கப்பூர்ல போதை எடுத்தவங்கள வைக்கிற மறுவாழ்வு நிலையம். டிஆர்சில இருந்தா கிரிமினல் ரெக்கார்டு வராது, அதனால நான் ஒண்ணும் குத்தவாளி இல்லன்னு நெனச்சுக்கிட்டு வெளிய வந்ததும் பழைய கூட்டாளிங்ககிட்டயே போயிட்டேன். மூணாவது தடவ 2012ல கோர்ட்டு, எல்டி ஒன்னு சொல்ற நீண்டகால ஜெயில், குறைஞ்சது 5 வருஷம், 3 பிரம்படி, அப்ப சட்டம் அப்படி. 2019ல மாத்திட்டாங்க, வேற குத்தம் இல்லாம போதை எடுத்துக்க மட்டும் செஞ்சவங்கள மூணாவது தடவையும் டிஆர்சிக்கே அனுப்பலாம். ரொம்ப நல்ல மாற்றம்னு நான் மனசார சொல்றேன், இப்ப உள்ள பசங்களுக்கு அந்த வாய்ப்பாவது இருக்கு.

வெளிய வந்தப்புறம் யூரின் டெஸ்ட். சின்ன போத்தல், பக்கத்துல ஒரு ஆள் பாத்துக்கிட்டு நிப்பாரு, வராது, தண்ணி குடி, மறுபடி நில்லு, அதுக்குள்ள வேலைக்கு லேட்டாயிடும், ஏன் லேட்டுன்னு கேட்டா சூப்பர்வைசர்கிட்ட என்ன சொல்றது? நெகட்டிவ்னு வந்துடும். ஆனா அது என் ஒடம்புல ஸ்டஃப் இல்லன்னு மட்டும்தான் சொல்லும். நேத்து ராத்திரி முழுக்க தூங்காம பல்லக் கடிச்சுக்கிட்டு கெடந்தத அது சொல்லாது.

இங்கதான் எங்கள மாதிரி ஆளுங்களுக்கு வித்தியாசம். குடிய நிறுத்தப் பாக்குற ஒருத்தர் மறுபடி குடிச்சிட்டா டாக்டர்கிட்ட போவாரு, குடும்பம் அழும், அவ்ளோதான். நாங்க ஒரு தடவ வழுக்கினா மறுபடி உள்ளதான், டிஆர்சியோ சாங்கி ஜெயிலோ. அதனால ஆசை வருதுன்னு வாயத் தொறந்து சொல்லவே பயம். அதச் சொல்லாம உள்ளுக்குள்ளயே வச்சு வச்சுதான் நெறைய பேர் விழறாங்க, நான் ரெண்டாவது தடவ விழுந்ததும் அப்படித்தான். சொல்ல ஒரு ஆள் வேணும் மக்களே, போதைலேருந்து மீளுறவங்களுக்கு உதவுற சங்கம் சானா 1972ல இருந்து இருக்கு, அங்க போங்க, கோயில்ல தெரிஞ்சவர் இருந்தா அவர்கிட்டயாவது சொல்லுங்க.

ரெக்கார்டு விஷயம். 5 வருஷம் எந்தக் குத்தமும் இல்லாம இருந்தா ரெக்கார்டு அழிஞ்சிடும்னு பல பேர் நெனைக்கிறீங்க. சின்ன தண்டனைக்குத்தான் அது, ஜெயில்னா 3 மாசத்துக்கு மேல போயிருக்கக் கூடாது. எனக்கு வாய்ப்பே இல்ல. எந்த ஃபாரத்துல அந்தக் கேள்வி வந்தாலும் சாகுற வரைக்கும் 'ஆமா'தான். ஜெயில்லேருந்து வந்தவங்களுக்கு ரெண்டாவது வாய்ப்பு குடுக்கச் சொல்ற மஞ்சள் ரிப்பன் திட்டம் 2004ல ஆரம்பிச்சப்புறம் வேலை குடுக்குற மொதலாளிங்க கூடியிருக்காங்க, எனக்கும் அப்படித்தான் கெடச்சுது, அந்த நன்றி எப்பவும் இருக்கு.

ஆனா எனக்கு நான் மீண்டுட்டேன்னு தோணுன நாள் வேற. நான் வெளிய வந்தப்ப அம்மா பர்ஸ தலகாணிக்கு அடியில வச்சுத்தான் தூங்குவாங்க, சங்கிலிய பக்கத்து வீட்டு மலாய்க்கார ஆன்ட்டி, எங்க மக்சிக்கிட்ட குடுத்து வச்சிருந்தாங்க. கோவமே வரல, அவங்க வளையல வித்தவன் நான்தானே. ரெண்டு வருஷம் அப்படியே போச்சு. ஒரு ஞாயித்துக்கெழம காலையில, "தேக்கா மார்க்கெட்டுக்குப் போயி வவ்வால் மீன் வாங்கிட்டு வாடா"ன்னு சொல்லி பர்ஸையே கையில குடுத்துட்டு அடுப்பப் பாக்கப் போயிட்டாங்க. எப்பவும் பத்து வெள்ளிதான் எண்ணிக் குடுப்பாங்க. லிஃப்ட் வந்து கதவு தொறந்து மூடிருச்சு, நான் ஏறல, அந்தப் பர்ஸப் புடிச்சுக்கிட்டு அங்கயே நின்னேன், ஓரமெல்லாம் தோல் உரிஞ்சு போன பழைய பர்ஸ். திரும்பி வந்து மிச்சக் காச மேசையில வச்சேன், அவங்க எண்ணிப் பாக்கல, மீனத்தான் பாத்தாங்க.

அந்தத் தம்பி வர்ற சனிக்கெழம வெளிய வர்றான். அவங்க அம்மா வரலன்னு சொல்லிட்டாங்களாம், அவங்கள குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல. நான் காலையிலயே போயி வாசல்ல நிப்பேன். பசியாற எங்க போகலாம்னு அவன்கிட்டயே கேக்கணும். சரி மக்களே, அம்மா ஃபோன் அடிக்கிறாங்க, மேல போறேன்.