மிச்சம் வைக்காதீர்கள்

தலைமை ஏற்றிருக்கும் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் மருத்துவர் அம்மா அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் உரையில் பாதியை எடுத்துக்கொண்ட பேராசிரியர் அவர்களே, பெரியோர்களே, இளைஞர்களே, வணக்கம். இளைஞர்களைக் கடைசியில் அழைத்தாலும் இன்றைய பேச்சு உங்களுக்குத்தான்.

நெருப்பிலும் கடனிலும் நோயிலும் மிச்சம் வைக்காதே என்பார்கள். அக்கி அந்த மிச்சத்தில் பிறப்பது. சிறுவயதில் வந்த சின்னம்மை ஆறிவிடும்; அதன் வைரஸ் போகாது. நரம்பு முடிச்சுகளில் பல ஆண்டுகள் உறங்கும். எதிர்ப்புச் சக்தி தளர்ந்தால் ஒரு நரம்பைப் பிடித்துக்கொண்டு தோலுக்கு வந்துவிடும். உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகக் கொப்புளம் கிளம்புவது அதனால்தான்.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: இளையவர்களுக்கும் அக்கி வரும், உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும், தடுப்பூசி உண்டு.

என் தங்கை மகனுக்கு 31 வயது. ஒரு நள்ளிரவில் இடது மார்பில் எரிச்சல். மாரடைப்பு என்றே முடிவு கட்டிவிட்டான். இ.சி.ஜி. எடுத்தார்கள், ஒன்றுமில்லை. "வாயுவாக இருக்கும்" என்றார் அவன் அப்பா. "தூங்காமல் வேலை பார்த்தால் இப்படித்தான்" என்றாள் தங்கை. சட்டை உரசினாலே துடித்தான். சோப்பை மாற்றினார்கள், மெத்தையை மாற்றினார்கள், அப்பாவை மட்டும்தான் மாற்றவில்லை. நான்காம் நாள் மார்பிலிருந்து முதுகுவரை கொப்புளங்கள் அணிவகுத்தன. "மாமா, அக்கியாம்! தாத்தாவுக்கு வருவது எனக்கு எப்படி வந்தது?" என்று தொலைபேசியில் கேட்டான். ஐந்து வயதில் அவனுக்குச் சின்னம்மை கண்டபோது பக்கத்தில் உட்கார்ந்து கதை சொன்னவன் நான். "அன்று வைத்த மிச்சமடா" என்றேன்.

கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்கினால் பலன் அதிகம். அவன் அன்றே போனான், பிழைத்தான்.

இனி ஊசி. இப்போதுள்ள அக்கித் தடுப்பூசிக்கு அமெரிக்காவில் 2017 இல் 50 வயதை எட்டியவர்களுக்காக அனுமதி கிடைத்தது. 2021 இல், எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கு 18 வயதிலிருந்தே. நலமாக நடமாடும் முப்பது வயதுக்காரர் இரண்டிலும் சேரமாட்டார். அதனால்தான் மேடைக்கு மேடை ஒன்றையே கேட்கிறேன்: குழந்தைக்கே சின்னம்மைத் தடுப்பூசி போட்டுவிடுங்கள். தன் மகன் சின்னம்மையில் தவித்ததைக் கண்ட ஜப்பானிய மருத்துவர் மிச்சியாக்கி தாக்காஹாஷி 1974 இல் உருவாக்கிய ஊசி அது. அதிலுள்ள வலுக்குறைந்த வைரஸும் நரம்பில் தங்கலாமே என்று பேராசிரியர் புருவம் உயர்த்துகிறார். தங்கலாம் ஐயா, ஆனால் ஊசி போட்ட குழந்தைகளுக்கு அக்கி வருவது வெகு குறைவு. மிச்சமிருந்தாலும் எளிதில் பற்றாத நெருப்பு.

எல்லாக் குழந்தைகளுக்கும் இந்த ஊசியை இலவசமாகப் போடச் சொல்லும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. பேனாவும் வைத்திருக்கிறோம், பேனாவை மட்டும் திருப்பி வைத்துவிடுங்கள்.