பொன்னியின் செல்வன்: நாவலையும் படத்தையும் ஒப்பிடுவது எப்படி?

[திரையில்: வீராணம் ஏரிக்கரை, மேலிருந்து]

குரல்: நாவல் படமாகி வந்ததும் நாம் முதலில் கேட்பது, "எதையெல்லாம் விட்டுட்டாங்க?" பொன்னியின் செல்வனில் அதற்குப் பதில் தேடினால் பட்டியல் முடியவே முடியாது. எழுத்தாளர் கல்கி தன் கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை எழுதிய தொடர் அது. ஐந்து பாகம், 293 அத்தியாயம். மணிரத்னம் 2022லும் 2023லும் தந்த இரண்டு படங்களும் சேர்ந்து சுமார் ஐந்தரை மணி நேரம். வகுத்துப் பாருங்கள், ஓர் அத்தியாயத்துக்குக் கிடைப்பது ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். வெட்டாமல் எடுக்க வழியே இல்லை. அதனால் கேட்க வேண்டியது வேறு: போன காட்சி நாவலில் என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தது? அந்த வேலையைப் படத்தில் யார் பார்க்கிறார்கள்?

கதையின் முடிவு வரை பேசப்போகிறோம். இன்னும் படிக்காதவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.

[திரையில்: மூன்று கட்டம் போட்ட நோட்டுப் பக்கம்]

குரல்: ஒரு நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் நிகழ்ச்சி. அடுத்ததில், அதனால் வாசகருக்குப் புதிதாகத் தெரியவரும் சேதி. மூன்றாவதில், அது பின்னால் எங்கே வந்து முட்டுகிறது என்பது. 293 அத்தியாயத்துக்கும் எழுத வேண்டாம். தொடக்கம், ரகசியங்கள் உடையும் இடங்கள், பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலை, முடிசூட்டு விழா, இவை போதும். படத்தை முதல் தடவை நோட்டு இல்லாமல் பாருங்கள். இரண்டாம் தடவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

தொடக்கத்தை எடுப்போம். நாவலில் ஆடிப் பதினெட்டு, மாலை நேரம். கரிகாலனின் தூதன் வந்தியத்தேவன் குதிரையில் ஏரிக்கரையோடு வருகிறான். எழுபத்து நான்கு கணவாய்களிலும், அதாவது மதகுகளிலும், தண்ணீர் பாய்கிறது, கரையெங்கும் பெருக்கு கொண்டாடும் கூட்டம். நாடு செழிப்பாக இருக்கிறது, அரண்மனைக்குள்தான் ஏதோ சரியில்லை என்று நமக்கு மெல்ல உறைக்கும். படமோ சோழர்களின் எதிரிகளான ராஷ்டிரகூடர்களோடு நடக்கும் போரில் தொடங்குகிறது. கரிகாலன் யார், அவனுக்குள் என்ன எரிகிறது என்பது முதல் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடுகிறது. ஏரிக்கரையின் வேலையை 'பொன்னி நதி' பாட்டு ஏற்கிறது. செழிப்பு வந்துவிட்டது. ஊர் ஊராக வதந்தியைக் கேட்டுச் சேர்க்கும் அந்த நிதானம் வரவில்லை.

[திரையில்: கடம்பூர் மாளிகை, இருண்ட அறை]

குரல்: இரண்டு படைப்பும் நிஜமாகப் பிரியும் இடம், கரிகாலன் சாகும் கடம்பூர் மாளிகை. கல்கி விளக்கை அணைத்துவிடுகிறார். இருட்டில் கரிகாலன் விழுகிறான். அறையில் அவனுடைய பழைய காதலி நந்தினி, ஒளிந்திருக்கும் வந்தியத்தேவன், கடம்பூர் இளவரசி மணிமேகலை, வேடத்தில் நந்தினியின் கணவர் பெரிய பழுவேட்டரையர் என்று பல பேர். யார் கை என்று கடைசிவரை அறுதியிட முடியாது. இதை வெறும் மர்மம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. மூன்றாவது கட்டத்தைப் பாருங்கள்: வந்தியத்தேவன் சிறை, "நான்தான் கொன்றேன்" என்ற மணிமேகலையின் பிடிவாதம், பழுவேட்டரையரின் முடிவு எல்லாம் இந்த இருட்டிலிருந்துதான் கிளம்புகின்றன. 91 அத்தியாயம் ஓடும் ஐந்தாம் பாகத்தில் பெரும்பகுதியை அதுவே நடத்துகிறது.

படத்தில் மணிமேகலையே கிடையாது. கரிகாலனும் நந்தினியும் நேருக்கு நேர் நிற்கிறார்கள், அவன் சாவைத் தானே தேடி ஏற்றுக்கொள்கிறான். நாவலில் கரிகாலன் நண்பன் பார்த்திபேந்திரனிடம் வாயால் சொல்லும் இளமைக் காதலை, படம் இரண்டாம் பாகத்தின் வாசலிலேயே காட்சியாக வைத்திருப்பது இதற்காகத்தான். அந்த அடித்தளத்தால் கடம்பூர் காட்சி நாவலைவிட ஆழமாக வலிக்கிறது, அதைத் தயங்காமல் சொல்லலாம். ஆனால் கொலையாளி யார் என்ற கேள்வியின் கூர் மழுங்கிவிட்டதால், அதற்குப் பின் வரும் பகுதிக்கு வேறு இழுவிசை தேவைப்படுகிறது. அதற்குத்தான் ராஷ்டிரகூடப் படை திரும்ப வருகிறது. கடைசிப் போர் ஒட்டவில்லை என்று தோன்றினால் காரணத்தைப் போர்க்களத்தில் தேடாதீர்கள், கடம்பூரில் இருக்கிறது.

முடிசூட்டு விழாவில் இதைவிடப் பெரிய மாற்றம். நாவலில் அரியணைக்கு ஆசைப்படும் மதுராந்தகன் குழந்தையிலேயே மாற்றி வைக்கப்பட்டவன்; உண்மையான மதுராந்தகன் சேந்தன் அமுதன். தஞ்சையில் பூத்தொடுத்துச் சிவனைப் பாடிக்கொண்டிருந்தவன், அரியணையைக் கனவிலும் நினைக்காதவன். அவன் தலையில்தான் கரிகாலனின் தம்பி அருள்மொழி கிரீடத்தை வைக்கிறான். ராணியாகும் கனவோடு கடலில் படகோட்டிய பூங்குழலி, அவனை மணந்து நிஜமாகவே அரசியாகிறாள். படம் இந்த ஆள்மாறாட்டத்தைத் தூக்கிவிட்டது. பதவிக்காக எதிரியோடு கைகோத்த மதுராந்தகனுக்கே கிரீடம் போகிறது. தியாகம் கடினமாகிறது, அரசியலும் கூடுகிறது. என் கணக்கில் இது நல்ல முடிவு. பலியானவள் பூங்குழலி. நடுக்கடலில் அருள்மொழியையும் வந்தியத்தேவனையும் காப்பாற்றும் அவள் வேலையும் ஊமை ராணிக்குப் போய்விட்டதால், படத்தில் அவளுக்கு அழகும் பாட்டும்தான் மிச்சம்.

[திரையில்: உடையார்குடி கல்வெட்டு]

குரல்: ஒரு கணக்கைத் தனியாக வையுங்கள். கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் பெயரைச் சோழர் காலத்து உடையார்குடிக் கல்வெட்டு சொல்கிறது: சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன். நந்தினி அதில் இல்லை, அவள் கல்கியின் படைப்பு. "வரலாற்றில் இப்படி இல்லையே" என்ற புகாரை நாவல் மேல் வைப்பதா படத்தின் மேல் வைப்பதா என்று பிரித்துக்கொண்டு எழுதுங்கள். அதற்கு நோட்டில் நான்காவதாக ஒரு கட்டம் போடலாம்.