கோதுமைக்கு ஒரு வெளிச்சம்: கத்பர்ட் பிராட்ரிக்

[காட்சி: லீட்ஸ் டவுன்ஹால் கோபுரம், கீழேயிருந்து மேலே]

வட இங்கிலாந்துல லீட்ஸ் நகரம், அதோட டவுன்ஹால். 225 அடி உயரம். இதைக் கட்டினவர் லண்டன்காரர் இல்லை. 1821ல ஹல் துறைமுகத்துல பிறந்து, அங்கேயே ஹென்றி லாக்வுட்கிட்ட கட்டடக்கலை கத்துக்கிட்ட கத்பர்ட் பிராட்ரிக்.

1852ல லீட்ஸ் மாநகரசபை டவுன்ஹாலுக்கு டிசைன் போட்டி வெச்சுது. கம்பளிக் காசு புரண்ட ஊர். பக்கத்து பிராட்ஃபோர்டுல செயின்ட் ஜார்ஜ் ஹால் வேற எழும்பிக்கிட்டு இருந்தது, அதுவும் லாக்வுட் நிறுவனத்தோட வேலை. லீட்ஸ் சும்மா இருக்குமா? ஆனா ஜெயிச்ச ஆளுக்கு வயசு 30தான். நம்பிக் கொடுக்கலாமான்னு சபைக்கு உதறல். லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்தை வடிவமைச்ச சார்ல்ஸ் பாரிதான் ஆலோசகர், அவர் கொடுக்கலாம்னுட்டார். 1858ல விக்டோரியா ராணியே வந்து திறந்து வெச்சாங்க.

[காட்சி: கார்ன் எக்ஸ்சேஞ்ச் உள்ளே, கூரையைப் பார்த்து]

என்னைக் கேட்டா, அவரோட உச்சம் டவுன்ஹால் இல்லை, 1863ல திறந்த இந்தக் கார்ன் எக்ஸ்சேஞ்ச், அதாவது தானியச் சந்தைதான். கார்ன்னதும் மக்காச்சோளம்னு நினைச்சுடாதீங்க. இங்கிலாந்துல கோதுமை, பார்லி, ஓட்ஸ் எல்லாமே கார்ன்தான்.

வியாபாரி ஒரு பிடி கோதுமையை உள்ளங்கையில பரப்பிப் பார்க்கிறார். நிறம் மங்கலா, பூஞ்சை பிடிச்சிருக்கா? விலையே அந்தப் பார்வையிலதான் இருக்கு. நேர் வெயில் பட்டா கண் கூசும், மட்டமான தானியமும் பளபளக்கும். அதனால நீள்வட்டக் கட்டடத்து மேல ஒரு குவிமாடம், அதுல வடக்குப் பக்கமா பெரிய கண்ணாடிப் பரப்பு. இங்கிலாந்துல சூரியன் பெரும்பாலும் தெற்கு வானத்துலதான் நகரும். வடக்கு வெளிச்சம் நாள் முழுக்க ஒரே சீரா இருக்கும். ஓவியர்கள் வடக்கு ஜன்னல் தேடுறதும் இதுக்குத்தான்.

[காட்சி: ஸ்கார்பரோ கடற்கரை, கிராண்ட் ஹோட்டல்]

1867ல இது. 4 கோபுரம், 12 மாடி, 52 புகைபோக்கி, 365 அறை. கேலண்டரையே கட்டடமாக்கிட்டார். குறும்புதான், ஆனா கோதுமை வெளிச்சத்துக்கு முன்னாடி நிக்காது.

அப்புறம்? ஐம்பதைத் தொடுறதுக்கு முன்னாடியே தொழிலை விட்டுட்டு பாரிஸ் பக்கம் போய்ட்டார். ஓவியம், தோட்டம். 1905ல ஜெர்சி தீவுல காலமானார்.

[காட்சி: ஹல், பியர்சன் பூங்கா]

சொந்த ஊருக்கும் அவர் ஒரு டவுன்ஹால் கட்டினார். அதை இடிச்சுட்டாங்க. உச்சியில இருந்த சின்னக் குவிமாடம் மட்டும் இதோ, பூங்காவுல, தரையில.